ஹோம்ஸ்டெட், 1892: ஒரு டாலருக்காக நடக்காத சண்டை

அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றைப் படிப்பவர்கள் ஹோம்ஸ்டெட் என்றதும் 1892 ஜூலை 6-ஆம் தேதிக்குத் தாவிவிடுவார்கள். விடிவதற்கு முன் ஆற்றில் வந்த கூலிப்படை, கரையில் திரண்ட ஊர், எரியும் தெப்பம், மாலையில் வெள்ளைக்கொடி என்று கதைக்கு வேண்டிய எல்லாமே அந்த ஒரு பகலில் இருக்கின்றன. ஆனால் அன்று ஜெயித்தவர்கள் தொழிலாளர்கள். அவர்கள் தோற்றது அடுத்த நான்கரை மாதங்களில், பெரும்பாலும் ஒரு குண்டுகூட வெடிக்காத நாட்களில். எனவே இந்த ஆய்வைத் துப்பாக்கியிலிருந்து தொடங்காமல் கூலிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எதற்காகச் சண்டை மூண்டது என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும்.

ஊரும் ஆலையும்

ஹோம்ஸ்டெட், பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் மொனங்கஹீலா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். அப்போது அங்கே ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் 3,800 பேருக்கு ஆலையில் வேலை. மீதிப் பேரும் கடை, விடுதி, வாடகை என்று ஆலைச் சம்பளத்தை நம்பியே பிழைத்தவர்கள். ஊர்த்தலைவர் ஜான் மக்லக்கியே ஓர் ஆலைத் தொழிலாளி. ஊராட்சி வேறு, தொழிற்சங்கம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாத ஊர் அது. அப்படிப் பிரிக்க முடியாமல் இருந்ததுதான் நிறுவனத்தை உறுத்தியது.

ஆண்ட்ரூ கார்னகி இந்த ஆலையைப் போட்டியாளர்களிடமிருந்து 1883-இல் வாங்கினார். பிறகு பெரிய அளவில் எஃகு உருக்கும் ஓப்பன் ஹார்த் உலைகளைக் கட்டி, அகலமான தகடுகளை உருட்டும் எந்திரங்களை நிறுவி, அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்களுக்குக் கவசத் தகடு செய்யும் இடமாக அதை வளர்த்தார். அவருடைய சொந்தக் கதையை இங்கே ஒருமுறை சொல்லியாக வேண்டும். அவர் ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் ஊரில் ஒரு கைத்தறி நெசவாளரின் மகன். நீராவித் தறி வந்து தந்தையின் பிழைப்பைப் பறித்தது. குடும்பம் 1848-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 12 வயதுப் பையன் பருத்தி ஆலை ஒன்றில் நூல்கண்டு மாற்றும் வேலையில் சேர்ந்தான். வாரக்கூலி 1 டாலர் 20 சென்ட். எந்திரம் ஒரு கைவினைஞனை என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இல்லை.

எஃகுத் தொழிலிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய இரும்புத் தொழிலில் உலைக்கு முன் நின்றவன்தான் ராஜா. உருகிய இரும்பை நீண்ட கம்பியால் கிளறி, அதன் நிறத்தையும் கெட்டிப்படும் விதத்தையும் கண்ணால் பார்த்தே பதம் சொல்வான். அந்த அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. தந்தை மகனுக்கும், மூத்த ஆள் உதவியாளனுக்கும் கைமாற்றியது அது. உதவியாளனுக்குக் கூலி கொடுத்ததுகூடப் பல ஆலைகளில் அந்த ஆள்தான். உருகிய இரும்பில் காற்றூதி எஃகாக்கும் பெஸ்ஸமர் கலனும் ஓப்பன் ஹார்த் உலையும் வந்தபின் பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. எஃகைப் பதம் பார்த்துக் கிளற ஆள் தேவைப்படவில்லை. 1880-இல் அமெரிக்காவின் எஃகு உற்பத்தி சுமார் 12 லட்சம் டன். 1886 வாக்கில் பிரிட்டனைத் தாண்டியது. 1900-இல் அது 1 கோடி டன். தண்டவாளம் மலிந்தது, ரயில் பாதை நீண்டது, நகரங்களில் எஃகுச் சட்டத்தின் மேல் மாடிக் கட்டடங்கள் எழுந்தன.

ஆனாலும் 1892 ஹோம்ஸ்டெட்டில் கைத்திறனுக்கு இடம் மிச்சம் இருந்தது. தகட்டைச் சூடேற்றுபவர், உருளையில் செலுத்தும் தலைமை ஆள், வெட்டும் ஆள் ஆகியோருக்குத் தினக்கூலி கிடையாது. டன் கணக்கில்தான் கூலி. இவர்கள் இரும்பு-எஃகுத் தொழிலாளர் ஒன்றிணைந்த சங்கத்தின் உறுப்பினர்கள். 1876-இல் உருவான அந்தச் சங்கத்துக்கு 1891-இல் நாடு முழுவதும் 24,000 உறுப்பினர்கள் இருந்தார்கள். கைத்தொழில் சங்கங்களில் அது மிக வலுவான ஒன்று. ஹோம்ஸ்டெட்டில் மட்டும் அதற்கு எட்டுக் கிளைகள், சுமார் 800 உறுப்பினர்கள். மற்ற 3,000 பேர் சங்கத்துக்கு வெளியே நின்றவர்கள். அவர்களில் பலர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்லாவியர்கள், மணிக்கு 14 சென்ட் வாங்கும் மூட்டை தூக்கிகள், மண் வாரிகள், தள்ளுவண்டிக்காரர்கள்.

கூலிக் கணக்கு

1889-இல் நிறுவனம் ஒருமுறை சங்கத்தை ஒழிக்கப் பார்த்துத் தோற்றிருந்தது. மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் அழைத்துவந்த காவலர்களை ஊர் திரண்டு திருப்பி அனுப்பியது. நிறுவனம் இறங்கிவந்து மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டது. எஃகுக் கட்டியின் சந்தை விலை ஏறினால் டன் கூலி ஏறும், இறங்கினால் கூலியும் இறங்கும். ஆனால் ஒரு டன் கட்டியின் விலை 25 டாலருக்குக் கீழே எவ்வளவு போனாலும் கூலி அதற்குமேல் இறங்காது. இந்த அடிவரம்புதான் தொழிலாளிக்குப் பாதுகாப்பு. கட்டியை விற்பதே கார்னகி நிறுவனம்தான். விலையை அவர்களே தட்டி இறக்கினால் என்ன செய்வது என்ற சங்கத்தின் சந்தேகம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாதது.

ஒப்பந்தம் 1892 ஜூன் 30-இல் முடிகிறது. நிறுவனத் தலைவர் ஹென்றி கிளே ஃபிரிக் அடிவரம்பை 22 டாலராகக் குறைக்கச் சொன்னார். டன் விகிதங்களையும் சில பிரிவுகளில் வெட்டினார். ஒப்பந்தம் இனி டிசம்பர் 31-இல் முடிய வேண்டும் என்றும் கேட்டார். கடைசிக் கோரிக்கை பார்ப்பதற்குச் சாதாரணமானது. பென்சில்வேனியாவில் டிசம்பர் என்றால் உறைபனி. அடுப்புக்கு நிலக்கரி வாங்க வேண்டிய மாதத்தில் வேலையை விட்டு வெளியே நிற்க எந்தக் குடும்பத் தலைவனும் அஞ்சுவான். பேரம் பேசும் மாதத்தையே மாற்றிவிட்டால் பேரத்தில் பாதியை வென்றதாகிவிடும் என்பது ஃபிரிக்குக்கு நன்றாகத் தெரியும்.

பேச்சில் ஃபிரிக் 23 டாலருக்கு ஏறினார், சங்கம் 24-க்கு இறங்கியது. இடையில் நின்றது ஒரு டாலர். நிறுவனமே சொன்ன கணக்கின்படி இந்த வெட்டு நேரடியாகத் தொடுவது 3,800 பேரில் 325 பேரை மட்டுமே. இரண்டு பக்கமும் விரும்பினால் ஒரு மாலை நேரத்தில் முடிந்துபோயிருக்கும் விவகாரம். ஒரு பக்கம் விரும்பவில்லை. ஏப்ரல் மாதமே, ஸ்காட்லாந்துக்குக் கிளம்பும் முன், ஆலை இனிச் சங்கம் இல்லாத ஆலையாக நடக்கும் என்று அறிவிக்கும் வரைவு ஒன்றைக் கார்னகி ஃபிரிக்கிடம் கொடுத்திருந்தார். ஃபிரிக் அதை ஒட்டவில்லை, நோக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

சங்கத்தின் மேல் நிறுவனத்துக்கு இருந்த உண்மையான கோபம் பணத்தைப் பற்றியது அல்ல. எந்த வேலைக்கு எத்தனை ஆள், பகல்-இரவு முறை எப்படி மாறும், புது எந்திரம் வந்தால் யாருக்கு எந்த வேலை என்பவற்றிலெல்லாம் சங்கத்துக்குப் பேச்சு உரிமை இருந்தது. ஒப்பந்தத்தின் அடிக்குறிப்புகள் பக்கம் பக்கமாக நீண்டன. எந்திரத்தில் முதலீடு போட்டு ஒரு மனிதன் இருமடங்கு உருட்டும்போது, டன் விகிதப்படி அவன் கூலியும் இருமடங்காகும். அந்த மிச்சம் எந்திரத்துக்குச் சொந்தக்காரனுக்கா, எந்திரத்தை ஓட்டுபவனுக்கா என்ற கேள்விக்குத் தானே பதில் சொல்லும் அதிகாரம் கார்னகிக்கு வேண்டியிருந்தது. 325 பேரின் கூலிக்காக மற்ற 3,000 பேர், அதுவும் சங்கம் தன் கதவைத் திறக்காத 3,000 பேர், ஏன் வெளியே வந்தார்கள் என்பதற்கும் இதில்தான் விளக்கம் இருக்கிறது. சங்கம் போய்விட்டால் தங்களுக்கும் ஃபோர்மேனுக்கும் இடையில் யாருமே இருக்கமாட்டார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். கணிப்பு சரியாகத்தான் இருந்தது.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஆலையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் பலகை வேலி எழுந்தது. உச்சியில் முள்கம்பி, தோள் உயரத்தில் வரிசையாகத் துளைகள். ஊரார் அதற்கு ‘ஃபிரிக் கோட்டை’ என்று பெயர் வைத்தார்கள். ஜூன் 28-இல் தொடங்கிப் பிரிவு பிரிவாக மூடி, 30-ஆம் தேதி ஆலை முழுவதும் அடைக்கப்பட்டது. பல நூல்கள் இதை வேலைநிறுத்தம் என்றே எழுதுகின்றன. முதலில் நடந்தது கதவடைப்பு.

ஜூலை 6

பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்துக்கு ஃபிரிக் ஜூன் 25-ஆம் தேதியே எழுதிவிட்டார்: 300 ஆட்கள் வேண்டும், தலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர். பழைய ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய தேதி இது. பிங்கர்டன் திரட்டிய 300 பேரில் பழகிய காவலர்கள் கொஞ்சம்தான். நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா தெருக்களில் வேலையற்றுத் திரிந்தவர்களும் கைச்செலவுக்குப் பணம் தேடிய இளைஞர்களுமே மற்றவர்கள். எங்கே போகிறோம் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அவர்களும் கூலிக்கு வந்தவர்கள்தான் என்பதைக் கோபம் தணிந்த பிறகுதான் பலர் எழுதினார்கள்.

ஜூலை 5 பகலில் ஒரு சின்ன நாடகம் நடந்தது. ஷெரிஃப் வில்லியம் மக்ளியரி சில காவலர்களோடு ஆலையைக் காக்க வந்தார். ஹ்யூ ஓடானல் தலைமையில் இயங்கிய தொழிலாளர் ஆலோசனைக் குழு அவர்களை மரியாதையாக வரவேற்று, மரியாதையாகவே படகேற்றித் திருப்பி அனுப்பியது.

அன்றிரவு பிட்ஸ்பர்க்குக்குக் கீழே 300 பேரும் இரண்டு மூடிய சரக்குத் தோணிகளில் ஏறினார்கள். உள்ளே படுக்கைகள், சமையற்கட்டு, பெட்டி பெட்டியாக வின்செஸ்டர் துப்பாக்கிகள். நள்ளிரவு கடந்து இழுவைப் படகுகள் தோணிகளை ஆற்றில் மேலே இழுத்தன. பிட்ஸ்பர்க் பாலங்களில் நின்ற தொழிலாளர்களின் காவல் ஆட்கள் தந்தியடித்துவிட்டார்கள். ஊரில் நீராவிச் சங்கு அலறியது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் என்று ஆயிரக்கணக்கானோர் இருட்டில் கரையோரமாக ஓடி, நிறுவனத்தின் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஆலையின் படகுத்துறைக்கு வந்து நின்றார்கள். அதிகாலை 4 மணி சுமாருக்குத் தோணிகள் கரை தட்டின. நடைப்பலகை இறங்கியது. ஏற வேண்டாம் என்று கரையிலிருந்து கத்தினார்கள். படைத்தலைவன் அடியெடுத்து வைத்தான். முதல் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதில் சாட்சிகள் அன்றிலிருந்து ஒத்துப்போகவில்லை. சில நொடிகளில் இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்தார்கள்.

காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு இழுவைப் படகு போய்விட்டது. தோணிகளுக்குச் சொந்தமாக எஞ்சின் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் ஜூலை வெயிலில் பலகைப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே ஊர் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முயன்றது. எண்ணெய் ஊற்றிய தெப்பத்தைக் கொளுத்தி ஆற்றில் விட்டார்கள். அது தோணியைச் சேரவில்லை. வெடிகளை வீசினார்கள். பழைய பித்தளைப் பீரங்கி ஒன்றை எதிர்க்கரையிலிருந்து சுட்டார்கள். அதன் குண்டு தங்கள் பக்கத்து இளைஞன் ஒருவனையே கொன்றது. தோணியில் உயர்ந்த வெள்ளைக்கொடியை ஒன்றுக்கு மேற்பட்ட முறை சுட்டு வீழ்த்தினார்கள். மாலை 5 மணிக்கு, சங்கத் தலைவர்கள் கூட்டத்தைக் கெஞ்சி அடக்கிய பிறகே சரணடைதல் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களைக் கரையேற்றினார்கள். ஆற்றிலிருந்து ஊருக்குள் போகும் பாதையின் இருமருங்கிலும் நின்ற ஆண்களும் பெண்களும் கல்லாலும் கட்டையாலும் அவர்களை அடித்துத் துவைத்தார்கள். தலைவர்கள் குறுக்கே விழுந்தும் தடுக்க முடியவில்லை. பெரும்பாலான பதிவுகளின்படி அன்று இறந்தவர்கள் தொழிலாளர் தரப்பில் 7 பேர், பிங்கர்டன் தரப்பில் 3 பேர்.

சரணடைந்தவர்களை அடித்ததை நியாயப்படுத்த நான் முயலமாட்டேன். அது நாடு முழுவதும் அதுவரை இருந்த அனுதாபத்தில் ஒரு பகுதியைத் தின்றது. ஆனால் தனியார் நிறுவனம் ஒன்று இரவோடு இரவாக ஒரு ஊருக்குள் ஆயுதப்படையை இறக்கலாமா என்ற கேள்வியும் அதோடு எழுந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விசாரணைக் குழு அமைத்தன. பிங்கர்டன் போன்ற நிறுவனங்களின் ஆட்களைக் கூட்டாட்சி அரசு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 1893-இல் சட்டம் வந்தது. தனியார் முதலாளிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெற்றி எப்படிக் கைநழுவியது

ஜூலை 12 காலையில் மாநிலப் படை வந்தது. ஆளுநர் ராபர்ட் பட்டிசன் அனுப்பியவர்கள் 8,500 பேர். ஊர் அவர்களைப் பகையாக நினைக்கவில்லை. பாண்டு வாத்தியத்தோடு வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. படைத்தளபதி ஜார்ஜ் ஸ்னோடன் வரவேற்பை ஏற்க மறுத்தார். இந்த ஆட்கள் ஆலை கார்னகிக்கு எவ்வளவு சொந்தமோ அதே அளவு தங்களுக்கும் சொந்தம் என்று நம்புகிறார்கள், இது கம்யூனிசம் என்ற பொருளில் அவர் எழுதினார். கண்டிக்கத்தான் எழுதினார். ஆனால் ஹோம்ஸ்டெட் ஆட்கள் எதை நம்பினார்கள் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

படையின் காவலில் கருங்காலிகள் ஆலைக்குள் இறங்கினார்கள். அவர்கள் வேலிக்கு உள்ளேயே உண்டு உறங்கினார்கள். 300 பேர் துப்பாக்கியோடு வந்து செய்ய முடியாததை அரசின் சீருடை ஒரு குண்டும் செலவழிக்காமல் செய்துகொடுத்தது. இந்த நிகழ்வில் திருப்பம் எது என்று கேட்டால் நான் ஜூலை 12-ஐத்தான் காட்டுவேன்.

ஜூலை 23-ஆம் தேதி அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற அரசின்மைவாதி பிட்ஸ்பர்க் அலுவலகத்தில் நுழைந்து ஃபிரிக்கைச் சுட்டுக் குத்தினார். அவருக்கும் ஹோம்ஸ்டெட் சங்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃபிரிக் பிழைத்துக்கொண்டார், மேசையை விட்டு நெடுநாள் விலகவும் இல்லை. அதுவரை பத்திரிகைகளில் கொடுங்கோலனாக இருந்தவர் ஒரே நாளில் துணிச்சல்காரர் ஆனார். தொழிலாளர் பக்கத்துக்கு அவர்கள் கேட்காத உதவி செய்து கெடுத்தவர் பெர்க்மன்.

பிறகு நீதிமன்றம். கொலை, கலவரம் என்று வழக்குகள் குவிந்தன. போதாததற்கு மாநிலத் தலைமை நீதிபதி எட்வர்ட் பாக்ஸனே, வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிக்கு முன் அமர்ந்து, ஆலோசனைக் குழுவினர் செய்தது ராஜத்துரோகம் ஆகும் என்று விளக்கம் கொடுத்தார். ஒரு தனியார் ஆலையின் வாசலை மறித்ததற்கு மாநிலத்துக்கு எதிரான துரோக வழக்கு! ஜூரிகள் விடுதலை செய்தார்கள், துரோக வழக்குகள் கடைசியில் கைவிடப்பட்டன. தண்டனை வாங்கித் தருவது அந்த வழக்குகளின் நோக்கமாகவும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஜாமீன் கட்டியே சங்கத்தின் பணம் தீர்ந்தது. தலைவர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள்.

கார்னகி இத்தனை நாளும் ஸ்காட்லாந்தில், ரயில் நிலையத்துக்கு எட்டாத ஒரு மலைப்பங்களாவில் இருந்தார். சண்டைக்கு மறுநாள் அவர் ஃபிரிக்குக்கு அனுப்பிய தந்தியின் சாரம் இது: ஆலையில் புல் முளைத்தாலும் முளைக்கட்டும், கலகக்காரர் ஒருவரையும் திரும்ப எடுக்காதீர்கள். செப்டம்பரில் தன் நண்பரும் பிரிட்டன் பிரதமருமான கிளாட்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஆலை ஒரு துளி மனித ரத்தத்துக்கு ஈடாகாது என்றார். இரண்டையும் அவர் உண்மையாகவே உணர்ந்திருக்கலாம். இதே மனிதர்தான் 1886-இல் ஒரு இதழில், அடுத்தவன் வேலையை எடுத்துக்கொள்ளாதே என்பது நல்ல தொழிலாளிகளிடையே எழுதப்படாத சட்டம் என்று மெச்சி எழுதியவர். அந்த வரியை ஹோம்ஸ்டெட்டில் மறக்காமல் நினைவூட்டினார்கள்.

நவம்பரில் குளிர் வந்தது. முதலில் நொறுங்கியது சங்கத்துக்கு வெளியே நின்றவர்களின் பொறுமை. வேலைக்குப் போக எங்களை விடுவியுங்கள் என்று மெக்கானிக்குகளும் கூலியாட்களும் கேட்டார்கள். சங்கத்தால் மறுக்க முடியவில்லை. நவம்பர் 20-ஆம் தேதி சங்கமே வாக்கெடுத்தது. திரும்பப் போகலாம் என்றவர்கள் 101, கூடாது என்றவர்கள் 91. மொத்தம் 192 வாக்குகள்! ஜூலையில் ஊரே திரண்ட போராட்டம் அந்த எண்ணிக்கையில் முடிந்தது. தலைவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தார்கள். எஃகு ஆலைகளில் அவர்களுக்குக் கதவு திறக்கவே இல்லை.

சங்கத்தின் பக்கம் இருந்த குறையை மறைக்க வேண்டியதில்லை. அது கைத்திறனாளர்களின் சங்கம். ஸ்லாவியக் கூலியாட்களை அது போராட்டத்தில் சேர்த்துக்கொண்டது, உறுப்பினராக்கவில்லை. கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அதன் கிளைகள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. நிறுவனம் அவர்களைத் தெற்கிலிருந்து கருங்காலிகளாகக் கொண்டுவந்தபோது நவம்பரில் ஊரில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தச் சங்கம் இடம் கொடுத்ததில்லை. பிறகு எந்த ஒற்றுமையை இவர்கள் முறித்தார்கள் என்று சொல்வது? முதலாளிகள் இந்தப் பிளவை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். 1919 வரை அது அவர்களுக்கு உதவியது.

சங்கம் போன பிறகு

ஆலை வெறும் கூலி வெட்டோடு நிற்கவில்லை. அடிக்குறிப்புகள் எல்லாம் போயின. எத்தனை ஆள் என்பதை மேற்பார்வையாளர் முடிவு செய்தார். புது எந்திரம் வந்து உற்பத்தி ஏறும்போதெல்லாம் டன் விகிதம் வெட்டப்பட்டது. மின்சாரப் பளுதூக்கிகளும் உலைக்குள் சரக்குத் தள்ளும் எந்திரங்களும் வந்து, முன்பு ஒரு கூட்டமே செய்த வேலையைச் சில பேரிடம் ஒப்படைத்தன. ஒன்றிணைந்த சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 24,000-இலிருந்து சில ஆண்டுகளில் 10,000-க்கும் கீழே சரிந்தது. நிறுவனத்தின் லாபம் 1892-இல் சுமார் 40 லட்சம் டாலர், 1900-இல் 4 கோடி டாலர். 1901-இல் வங்கியாளர் ஜே. பி. மார்கன் 48 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் வாங்கி யு.எஸ். ஸ்டீல் என்ற பெருநிறுவனத்தில் சேர்த்தார்.

வேலை நேரம்தான் உண்மையான தண்டனை. ஆற்றின் எதிர்க்கரையில் பிராடக் ஊரில் இருந்த கார்னகியின் தண்டவாள ஆலையில், மேலாளர் வில்லியம் ஜோன்ஸ் ஒரு காலத்தில் 8 மணி நேர முறையை ஓட்டிக் காட்டியிருந்தார். போட்டியாளர்கள் பின்பற்றவில்லை என்று சொல்லி 1888-இல் அது எடுக்கப்பட்டது. 1892-க்குப் பிறகு எஃகுத் தொழிலின் பெரும்பகுதியில் 12 மணி நேரம் சட்டம்போல் ஆனது. உலை அணையக் கூடாது. ஆகவே வாரம் ஏழு நாளும் பகல், இரவு என்று இரண்டு முறை. பகல் முறைக்காரர்கள் இரவு முறைக்கு மாற வேண்டிய நாளில் யாராவது இடைவெளியை நிரப்ப வேண்டும். அதற்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் தொடர்ந்து 24 மணி நேரம் உலை முன் நின்றது. ஞாயிறு காலையில் உள்ளே போனவன் திங்கள் காலையில் வெளியே வந்தான். வீட்டில் தங்கும் ஸ்லாவிய வாடகை ஆட்களின் கட்டிலில் பகலில் ஒருவன், இரவில் இன்னொருவன். விரிப்பு ஆறுவதற்குள் அடுத்தவன் படுத்தான்.

1907-இல் தொடங்கிய பிட்ஸ்பர்க் ஆய்வுக்குழு இந்த ஊர்களை வீடு வீடாகப் பார்த்து எழுதியது. ஒரே ஆண்டில், 1906 ஜூலை முதல் 1907 ஜூன் வரை, பிட்ஸ்பர்க் அமைந்த அலெகெனி மாவட்டத்தில் வேலை விபத்துகளில் இறந்தவர்கள் 526 பேர். அவர்களில் 195 பேர் எஃகு ஆலைகளில் இறந்தவர்கள். இறந்த மணமானவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முதலாளியிடமிருந்து கிடைத்தது 100 டாலர் அல்லது அதற்கும் குறைவு, அல்லது ஒன்றுமே இல்லை. அன்றைய சட்டப்படி விதவை வழக்குப் போட்டு முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். விபத்துக்குக் காரணம் சக தொழிலாளி என்றாலோ, வேலையின் ஆபத்து தெரிந்தே அவன் சேர்ந்தான் என்றாலோ வழக்கு தள்ளுபடி. ஒவ்வொரு மாநிலமாகத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எழுந்ததற்கு இந்த எண்கள் ஒரு காரணம். பென்சில்வேனியாவில் அது 1915-இல்தான் வந்தது.

1898-இல் ஹோம்ஸ்டெட்டுக்குக் கார்னகி ஒரு நூலகம் கட்டிக்கொடுத்தார். இசை அரங்கும் நீச்சல் குளமும் கொண்ட, ஊரிலேயே அழகான கட்டடம். உலகம் முழுவதும் அவர் பணம் கொடுத்த நூலகங்கள் 2,500-க்கும் மேல். அவற்றில் படித்து முன்னேறியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. 12 மணி நேரம் உலை முன் நின்றவன் எந்த நேரத்தில் வந்து படிப்பான் என்பதற்கு மட்டும் அந்தக் கொடையில் பதில் இல்லை. மிச்சத்தைக் கூலியாகக் கொடுத்தால் ஆட்கள் அதைத் தின்று தீர்ப்பார்கள், தன்னிடம் சேர்ந்தால் பொது நன்மைக்குப் பயன்படும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த மிச்சத்தை ஈட்டியவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

திரும்பிவந்த சங்கம்

1919-இல் எஃகுத் தொழிலாளர்கள் மீண்டும் எழுந்தார்கள். இந்த முறை கைத்திறனாளரும் கூலியாளும் சேர்ந்து மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். தோற்றார்கள். புலம்பெயர்ந்தவர்களையும் உள்ளூர்க்காரர்களையும் பிரிக்கும் பழைய உத்தி, கறுப்பினத் தொழிலாளர்களைக் கருங்காலிகளாக இறக்கும் பழைய உத்தி, கூட்டம் கூடவே தடை என்று எல்லாம் திரும்ப அரங்கேறின. ஆனால் 12 மணி நேர வேலை நாள் இனி மூடி மறைக்க முடியாத அவமானமாகிவிட்டது. குடியரசுத் தலைவர் ஹார்டிங்கே அதைக் கைவிடும்படி எஃகு முதலாளிகளை வற்புறுத்தினார். ஆலைகள் ஓடாது, ஆள் கிடைக்காது, செலவு தாங்காது என்று சொல்லிக்கொண்டிருந்த யு.எஸ். ஸ்டீல் 1923 ஆகஸ்டில் அதைக் கைவிடத் தொடங்கியது. ஆலைகள் ஓடின.

1935-இல் வாக்னர் சட்டம் சங்கம் சேரும் உரிமைக்குக் கூட்டாட்சிப் பாதுகாப்பு கொடுத்தது. 1936 ஜூலையில் எஃகுத் தொழிலாளர் அமைப்புக் குழு தன் பெரிய பேரணியை ஹோம்ஸ்டெட்டில்தான் நடத்தியது. 1892-இல் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்திய அந்தக் கூட்டத்தில் மேடையேறிப் பேசியவர்களில் மாநிலத்தின் துணை ஆளுநரும் ஒருவர். சுரங்கத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் அவர். 44 ஆண்டுகளுக்கு முன் அதே மாநில அரசு 8,500 பேரைத் துப்பாக்கியோடு அனுப்பிய ஊர் இது. நிலைமை மாறியதற்கு இதைவிடப் பெரிய அறிகுறி நிறுவனத்துக்குத் தேவைப்படவில்லை.

1937 மார்ச் 2-இல் யு.எஸ். ஸ்டீலின் துணை நிறுவனம், ஒருநாள்கூட வேலைநிறுத்தம் இல்லாமல், அந்தக் குழுவோடு கையெழுத்திட்டது. 8 மணி நேர வேலை நாள், 40 மணி நேர வாரம், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கூலி, அடிமட்டக் கூலி நாளுக்கு 5 டாலர். 1892-இல் ஹோம்ஸ்டெட்டைக் காலி செய்ய வந்த பிங்கர்டன் ஆளுக்குப் பேசிய அதே தொகை. அதைவிட முக்கியமான ஒரு பகுதியும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஃபோர்மேனின் முடிவு பிடிக்காத தொழிலாளி சங்கத்தின் மூலம் முறையிடலாம், நிறுவனம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஃபிரிக் வேலி கட்டியது அந்த ஒரு பகுதியை ஒழிக்கத்தான்.